கூட்டம் குறையவில்லை, சவாரி குறைந்தது: 2025 கோடையில் கன்னியாகுமரி

எல்லையில் சண்டை மூண்டால் சுற்றுலா படுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2025 மே மாதம் கன்னியாகுமரி படகுத்துறையில் நின்றவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். பள்ளிக்கூட லீவு, புதிதாகத் திறந்த கண்ணாடிப் பாலம், தள்ளுவண்டியில் அன்னாசி, கலர் மணல் பாக்கெட் விற்கும் பையன்கள் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதே வாரம் டாக்ஸி ஸ்டாண்டில் நிலவரம் வேறு. "கூட்டத்துக்கு என்ன கொறவு அண்ணாச்சி, சவாரிதான் இல்ல" என்றார் கேரளத்துக் கோவளம் டிரிப்புகளை நம்பி வண்டி ஓட்டும் ஒரு டிரைவர்.

இரண்டும் உண்மை. அது எப்படி என்று பார்ப்பதற்காகத்தான் 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நான்கு மாதங்களை எடுத்துக்கொள்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்நாட்டுக் கூட்டத்தால் வாழும் குமரியில் உலகப் பதற்றம் தலைக்கணக்கில் தெரிவதில்லை. யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், யார் கையில் காசு சேர்கிறது என்பதில்தான் தெரியும். வெளிநாட்டவரைத் தடுக்கும் காரணங்களில் பயம் சின்னது. விமான வழி அதைவிடப் பெரியது.

நடந்தது என்ன

ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் தீவிரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஏப்ரல் 29-ல் ஜம்மு காஷ்மீர் அரசு தன் 87 சுற்றுலாத் தலங்களில் 48-ஐ மூடியது. மே 7 அன்று இந்தியாவின் பதிலடியான ஆபரேஷன் சிந்தூர், மே 10 அன்று சண்டை நிறுத்தம். இடைப்பட்ட நாட்களில் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டு, மே 12-ல் திரும்பத் திறந்தன. அந்தப் பட்டியலில் திருவனந்தபுரம் இல்லை, மதுரை இல்லை, தூத்துக்குடி இல்லை.

அப்புறம் ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்காவின் அல் உதைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார், பஹ்ரைன், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு வான்வெளியை மூடின. கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் நடுவே பறந்துகொண்டிருந்த விமானங்கள் திரும்பின, வேறு இடங்களில் இறங்கின, சில புறப்படவே இல்லை. மறுநாள் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கால அட்டவணை ஒழுங்குக்கு வர அதற்கு மேலும் நாளானது.

இதற்கு நடுவே பதற்றத்தோடு சம்பந்தமே இல்லாத சிலதும் நடந்தன. மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கடற்கரை வரை ஒதுங்கின. ஜூன் 12-ல் அகமதாபாத் விமான விபத்து. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை எப்படியும் வரும். ஆகவே இந்த நான்கு மாதங்களில் ஒரு வெளிநாட்டவர் வராமல் போனதற்குப் போர்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையில் ஏன் தெரியவில்லை

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். சிலைக்கு 25 ஆண்டு நிறைவு, செலவு 37 கோடி ரூபாய். முன்பு ஒருமுறை பாறையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்கூட பாலத்துக்காகத் திரும்ப வந்தார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் மொத்த எண்ணிக்கையை வைத்து எதையும் அளக்க முடியாது. ஏப்ரல், மே இரண்டும் உள்நாட்டுக் குடும்பங்களின் சீசன். வெளிநாட்டவர் சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சோடு முடிந்துவிடும். மே மாதத்தில் வெள்ளைக்காரர் முகம் அதிகம் தெரியவில்லை என்றால் அது செய்தியே இல்லை, எல்லா மேயும் அப்படித்தான்.

மாநிலக் கணக்கும் அவ்வளவாகக் கைகொடுக்காது. 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 1.09 கோடி. அதே வருடம் தமிழ்நாட்டின் வெளிநாட்டவர் வருகை என்று பதிவானது 68 லட்சத்துக்கும் மேல். நாட்டுக்குள் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, கன்னியாகுமரி என்று நாலு ஊரில் தங்கிய ஒரே ஆள் நாலு வருகையாகிவிடுகிறார். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. அவர் பயணத்தை ரத்து செய்யாமல் கடைசி ஊரை மட்டும் வெட்டினாலும் எண்ணிக்கை விழும். வரைபடத்தில் கடைசி ஊர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உருப்படியான தடயங்கள் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று சி படிவம். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அதைக் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்பது வரை அதில் இருக்கும். (இந்த வேலைக்குப் பயந்தே "ரூம் இல்லை" என்று கைவிரிக்கும் சின்ன லாட்ஜ்கள் உண்டு. அதையும் ஒரு வகைப் பயணத் தடை என்றே சொல்லலாம்.) இன்னொன்று பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலை பக்கம் நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. அங்கே வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அதனால் தனிக் கணக்கு. அந்த எண் கூட்டத்தில் கரைந்துபோகாது.

ஒரு டிரைவரின் நோட்டு

மேலே சொன்ன டிரைவர் ஒரு நீளநோட்டில் டிரிப்புகளை எழுதி வைக்கிறார். சீசன் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: காலை கோவளம் பிக்கப், பத்மநாபபுரம், சுசீந்திரம், பாறை, சன்செட், இரவு கோவளம் டிராப். போக வர 170 கிலோமீட்டருக்குக் குறையாது. நாள் முழுக்க வெயிட்டிங், டிரைவர் பேட்டா, சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினால் அங்கே சின்னக் கமிஷன். திங்கள்கிழமை இந்த வரி இருக்காது, அன்று அரண்மனை லீவு.

இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் என்று பாருங்கள். அரண்மனையின் கறுப்புத் தரை முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டது என்று நிதானமாக விளக்கும் கைடு. சுசீந்திரத்தில் தட்டினால் சுரம் பாடும் கல்தூண்களைக் காட்டுகிறவர். பேரம் பேசாமல் சங்கு வாங்கும் வாடிக்கையாளரை எதிர்பார்க்கும் கடைக்காரர். உள்நாட்டுக் கூட்டம் இவர்களுக்கு ஈடாகாது. நாமக்கல்லிலிருந்தோ புனேயிலிருந்தோ வருகிற குழு டெம்போ டிராவலரிலோ டூரிஸ்ட் பஸ்ஸிலோ வருகிறது. சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதும் உண்டு. ரயிலில் வருகிறவர் பகிர்ந்துகொண்டு ஆட்டோ பிடிக்கிறார். ஊருக்குப் பணம் வருகிறது, ஆனால் அது லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் படகு டிக்கெட்டுக்கும் போகிறது. அந்த ஒரு வரியில் இருந்த ஆட்களுக்கு வருவதில்லை.

2025-ன் நோட்டில் ஏப்ரல் கடைசிக்குப் பிறகு அந்த வரி மெலிந்துபோகிறது. சீசன் முடிந்ததும் மெலிவது வாடிக்கைதான். அவருடைய கவலை வேறு. நவம்பருக்காக மே, ஜூன் மாதங்களிலேயே கோவளம் பக்கத்து ஏஜென்ட் போன் செய்து "இத்தனை வண்டி வேணும்" என்று பேசி வைப்பது வழக்கம். அந்த வருடம் அந்தப் போன் தள்ளிப்போனது. ஐரோப்பாவில் குளிர்காலப் பயணத்துக்கு ஆட்கள் முடிவெடுப்பது கோடையில்தான். மே மாதச் சண்டை மே மாதச் சவாரியைத் தொடவில்லை, நவம்பர் சவாரியைத்தான் தொட்டது. நடந்த மாதத்துக்கும் அடி விழும் மாதத்துக்கும் ஆறு மாத இடைவெளி இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பயம் எங்கே வேலை செய்கிறது

கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ராவுக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாள் ஓட்டம். அந்தத் தூரம் நமக்குத் தெரியும். மியூனிக்கில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவருக்கு இரண்டும் இந்தியாதான்.

அறிஞர்கள் வைத்திருக்கும் அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு. புவிசார் அரசியல் அபாயத்துக்குப் பரவலாகப் பயன்படும் குறியீட்டை உருவாக்கியவர்கள் டாரியோ கால்டாராவும் மத்தேயோ இயாகோவியெல்லோவும். அமெரிக்க, பிரிட்டிஷ், கனேடிய ஆங்கிலப் பத்திரிகைகளில் போர், தாக்குதல், மிரட்டல் பற்றிய செய்திகள் மொத்தச் செய்திகளில் எத்தனை பங்கு என்று மாதாமாதம் எண்ணுவார்கள். நாடு வாரியாகவும் குறியீடு உண்டு, இந்தியாவும் அதில் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதற்கு மாவட்டம் தெரியாது. பஹல்காம் செய்தி வந்தால் இந்தியாவின் எண் ஏறும், அந்த எண்ணை வைத்து நம் மாவட்டத்து முட்டம் கடற்கரையில் ஒரு ரிசார்ட் அறை காலியாக இருப்பதை விளக்கப் பார்த்தால் பாதி தூரம்தான் போக முடியும்.

அரசுகளின் பயண எச்சரிக்கைகள் இதைவிடத் துல்லியம். 2025-ல் பிரிட்டன் இந்திய-பாகிஸ்தான் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் ஜம்மு காஷ்மீரின் பெரும்பகுதிக்கும் போகாதே என்று சொன்னது, தெற்கைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. எச்சரிக்கையை மீறிப் போனால் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம் என்பதால் அங்கே அதைக் கவனமாகப் படிப்பார்கள். படித்தவருக்குத் தெற்கே வரத் தடையில்லை. ஆகவே பயம் முதல் சில வாரங்கள் ஆளைத் தயங்க வைக்கும், பிறகு தானே வடிந்துவிடும்.

பழைய கணக்கும் இதையே காட்டுகிறது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் சரியாகச் சீசன் தொடக்கத்தில் நடந்தது. 2008-ல் 52.8 லட்சமாக இருந்த இந்தியாவின் வெளிநாட்டுப் பயணிகள் 2009-ல் 51.7 லட்சமானார்கள், 2010-ல் 57.8 லட்சம். இத்தனைக்கும் 2009 உலகம் முழுக்கப் பொருளாதாரம் அடிவாங்கிய வருடம்.

இலங்கையை எடுத்துக்கொண்டால் படம் மாறும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம் வருகை முந்தைய வருட மே மாதத்தைவிட 70 சதவீதம் விழுந்தது. 2018-ல் 23.3 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2019-ல் 19.1 லட்சம் பேர். அங்கே தாக்குதல் தேவாலயங்களோடு சுற்றுலா ஓட்டல்களிலும் நடந்தது, மொத்த நாடும் சின்னது, ஒதுங்கிப் போக "வேறு பக்கம்" இல்லை. இந்தியாவின் நீள அகலம் குமரிக்கு ஒரு கவசம். அதை நாம் விளம்பரத்தில்கூடச் சொல்வதில்லை.

வழி அடைபட்டால்

குமரிக்கு விமான நிலையம் கிடையாது. நமக்கு வாசல் திருவனந்தபுரம், கன்னியாகுமரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அங்கே வந்திறங்கும் பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலானவை வளைகுடாவிலிருந்து வருபவை. லண்டனிலிருந்தோ பிராங்க்பர்ட்டிலிருந்தோ கோவளத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் துபாயிலோ தோஹாவிலோ அபுதாபியிலோ மாறித்தான் வருகிறார். அதாவது நம் வெளிநாட்டுச் சுற்றுலாவின் வாசல்படி பாரசீக வளைகுடாவில் இருக்கிறது. லாகூர் பக்கம் என்ன நடந்தாலும் அந்தப் படி அசையாது. ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் ஒரு ஏவுகணை பறந்தால் போதும், அடைபட்டுவிடும். வர விரும்புகிற ஆளுக்குப் பயமே இல்லாவிட்டாலும் ஏறி வர விமானம் இருக்காது.

ஜூன் 23 இரவு அதுதான் நடந்தது. அன்று அதிகம் அடிபட்டது ஐரோப்பியர் அல்லர், நம் ஆட்கள். வளைகுடாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை தொடங்கும் நேரம் அது. தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் அங்கே வேலை பார்ப்பவர் இருப்பார், குடும்பத்தோடு ஊருக்கு வரும் மாதம். டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும்போது விமானம் ரத்தானால் மறு டிக்கெட் எடுப்பது எத்தனை செலவு என்று அந்த வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம். இதே வாரங்களில் கடற்கரைக் கிராமங்களில் வேறு விதமான காத்திருப்பு. ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போனவர்களின் போனுக்காக வீடுகள் விழித்திருந்தன.

சுற்றுலா என்றதும் வெள்ளைக்காரரை மட்டும் நினைக்கிறோம். 2023-ல் இந்தியாவுக்கு வந்த பன்னாட்டுப் பயணிகள் சுமார் 1.89 கோடி என்று மத்திய அரசு கணக்கிட்டது, அதில் வெளிநாட்டவர் சுமார் 95 லட்சம்தான். மீதி ஏறக்குறையப் பாதி வெளிநாடுவாழ் இந்தியர். குமரியில் அந்தப் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். ஊருக்கு வந்த குடும்பம் திற்பரப்பு அருவிக்குப் போகும், மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்கும், காரை வாடகைக்கு எடுக்கும், நகைக்கடைக்குப் போகும். இவர்கள் பயத்தால் பயணத்தை ரத்து செய்கிறவர்கள் இல்லை, அம்மாவைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குறியீடு எதற்கு? ஆனால் வழி அடைபட்டால் முதலில் மாட்டிக்கொள்வது இவர்கள்தான்.

பாகிஸ்தான் வான்வெளி மூடலும் ஒரு வழிப் பிரச்சினைதான். 2019-ல் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை மூடிக்கிடந்தது. 2025-ல் மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். இதில் சுற்றிப் போய் எரிபொருளைக் கொட்டியது டெல்லியிலிருந்து மேற்கே பறக்கும் விமானங்கள். திருவனந்தபுரத்திலிருந்து அரபிக்கடல் மேலாகப் போகிறவற்றுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. நாட்டுக்கே நட்டமாகும் ஒரு பதற்றம் ஒரு மாவட்டத்தைத் தொடாமல் போவதற்கு இது நல்ல உதாரணம்.

அதே ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையாத விருந்தாளி ஒன்று வந்து இறங்கியது. பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஜூன் 14 அன்று அவசரமாகத் தரையிறங்கி, பழுதாகி, ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. இந்த இடம் பிடித்துப்போனதால் திரும்பிப் போக மனமில்லை என்று அந்த விமானமே ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டுவதுபோல ஒரு படத்தைக் கேரளச் சுற்றுலாத் துறை வெளியிட்டது. போர்ச் செய்தியைச் சிரிப்பாக்கி உலகம் முழுக்க ஓசி விளம்பரம் தேடிக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துப் போடும் "பாதுகாப்பான இடம்" விளம்பரத்தைவிட இது வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பணத்தின் வழி

பயமும் இல்லை, விமானமும் உண்டு, ஆனாலும் வர முடியாத நிலை ஒன்று இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்த, ரஷ்ய வங்கிகள் கொடுத்த அட்டைகள் வெளிநாட்டில் செத்துப்போயின. கோவளத்திலும் வர்க்கலையிலும் ஓட்டல் பில் கட்ட ரொக்கம் கொண்டுவர வேண்டிய நிலை.

இதைக் குமரிக் கடற்கரையிலிருந்து பார்த்தால் தப்பான முடிவுக்கு வர வாய்ப்புண்டு. இங்கே ரஷ்ய மொழி கேட்பது நிற்கவே இல்லை. காரணம், பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் ரஷ்ய நிபுணர்களும் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் வருவார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். போருக்கும் அவர்கள் வருகைக்கும் தொடர்பில்லை. "ரஷ்யாக்காரங்க வந்துட்டுத்தானே இருக்காங்க" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே தரவாக எடுத்துக்கொண்டால் ஆய்வு கெட்டது.

இந்தியரின் கோபமும் ஒரு காரணி

காஷ்மீர் டிக்கெட்டை ரத்து செய்த குடும்பம் லீவை ரத்து செய்வதில்லை, வேறு ஊருக்குப் போகும். பதற்றம் வந்த மாதத்திலும் தெற்கில் கூட்டம் இருப்பதில் இதற்கும் பங்குண்டு. வெளிநாடு போகிறவர்களும் திசை மாறுகிறார்கள். 2024 ஜனவரியில் மாலத்தீவோடு உரசல் வந்தபோது, 2023-ல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியப் பயணிகள் 2024-ல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். 2025 மே மாதம் துருக்கியும் அஜர்பைஜானும் பாகிஸ்தான் பக்கம் பேசியதும் அந்த நாடுகளுக்கான டிக்கெட்டுகள் குவியலாக ரத்தாயின.

அந்தப் பணம் குமரிக்கு வந்துவிடும் என்று இங்கே சிலர் சொல்லக் கேட்டேன். எனக்கு நம்பிக்கையில்லை. மாலத்தீவில் தண்ணீர் மேல் வீடு கேட்டவர் நம் ஊர் லாட்ஜுக்கு வரமாட்டார், இலங்கைக்கோ வியட்நாமுக்கோ போவார். நமக்குக் கிடைப்பது காஷ்மீரை விட்டவர்கள்தான்.

கிழக்கே இன்னொரு வாசல்

இத்தனையும் பார்த்தால் செய்ய வேண்டியது விளம்பரத்தைவிட வழியைப் பற்றியது. திருவனந்தபுரத்துக்குக் கொழும்பு, சிங்கப்பூரிலிருந்து விமானம் உண்டு, 2023 நவம்பரிலிருந்து கோலாலம்பூரிலிருந்தும் வருகிறது. மதுரைக்கும் கொழும்பு, சிங்கப்பூர் இணைப்பு இருக்கிறது. இந்த வழிகளில் வருகிற மலேசிய, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்களுக்கு வளைகுடா அடைபட்டாலும் கவலையில்லை. அவர்கள் வரும் சுற்று வேறு: மதுரை, திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம், நாகர்கோவில் நாகராஜா கோவில். கைடுக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வண்டியில் ஏழு பேர் உட்கார இடம் வேண்டும், சைவச் சாப்பாடு வேண்டும். தூத்துக்குடியில் 2025 ஜூலை 26 அன்று திறந்த புது முனையமும் நீட்டிய ஓடுபாதையும் இந்தப் பக்கத்துக்கு உதவக்கூடியவை, அங்கே பன்னாட்டு விமானம் வந்தால்.

அதுவரை மாவட்டச் சுற்றுலா அலுவலகம் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சி படிவங்களின் மாதக் கணக்கையும் பத்மநாபபுரத்து வெளிநாட்டவர் டிக்கெட் கணக்கையும் வாங்கி, வான்வெளி மூடிய தேதிகளுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். எந்த நாட்டவர், எந்த விமான நிலையம் வழியாக வந்தார்கள் என்று பிரித்துவிட்டால், அடுத்த முறை தோஹாவிலோ துபாயிலோ விமானங்கள் நிற்கும்போது எந்த மாதத்துச் சவாரி விழும் என்று ஏஜென்டுகளுக்கும் டிரைவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.